ராவிலே என்றால் எப்போது

என் அப்பா சொரிமுத்து முப்பத்தொரு வருடம் குற்றாலத்தில் மருந்துக்கடை நடத்தினார். போன ஐப்பசியில் இறந்தார். தென்காசியில் மருந்து வணிகர்களும் நர்ஸ்களும் சேர்ந்து இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். பேசிய ஐந்து பேரும் ஒரே சம்பவத்தைச் சொன்னார்கள். அப்பா அவர்களிடம் எப்படிச் சொல்லியிருந்தாரோ அப்படியே சொன்னார்கள். அதில் ஒரு விஷயம் விடுபட்டிருந்தது. மருந்து வணிகர் சங்கத்தின் மாத இதழுக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். முழுவதையும் எழுதுகிறேன்.

2022, ஆனி மாதக் கடைசி. சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த சனிக்கிழமை. மெயின் அருவிக்குப் போகும் வழியில்தான் எங்கள் கடை. ஈரத்தலையோடு கூட்டம் முண்டியடித்தது. பாதிப் பேருக்குத் தைலம் வேண்டும், பாதிப் பேருக்கு ஜலதோஷ மாத்திரை. இடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கிழிந்த மாத்திரை அட்டையை நீட்டினார்.

"உம்மாக்கு தினம் உள்ள குளிக. தீந்து போச்சு. தம்பி சவுதில, தம்மாம்லேருந்து கொடுத்து விடுறது. ராவிலே ஒண்ணு."

டாக்டர் சீட்டு அருவியில் நனைந்து கூழாகிவிட்டது என்றார். சீட்டு இல்லாமல் அப்பா மாத்திரை கொடுக்கமாட்டார். அன்று கொடுத்தார். ஏன் என்று கடைசிவரை அவர் சொன்னதில்லை. கூட்டத்தைக் காரணமாகக் காட்டியதும் இல்லை.

அட்டையில் மாத்திரையின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. மற்றதெல்லாம் அரபி. உள்ளே என்ன மருந்து என்று எழுதியிருந்த ஓரம் கிழிந்து போயிருந்தது. "சுகருக்கா?" என்று அப்பா கேட்டார். அந்தப் பெண் தலையாட்டினார். கடைக்காரர் கேட்டால் பாதிப் பேர் அப்படித்தான் தலையாட்டுவார்கள்.

அப்பா அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நான் பெங்களூரில் டேட்டாபேஸ் வேலையில் இருக்கிறேன். சரிபார்க்காத தகவலை உள்ளே விடாமல் நிறுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றும் அலுவலக வேலை இருந்தது. பெயரைத் தேடலில் தட்டினேன். முதலில் வந்தது மருந்து விற்கும் ஒரு இந்தியத் தளம். அதே பெயர், அதே எழுத்துகள், சர்க்கரை மாத்திரை. இருபது வினாடிகூட ஆகியிருக்காது. பதில் எழுதினேன்.

மாத்திரையின் பெயரை இங்கே எழுதவில்லை. இரண்டு நாட்டிலும் அது இன்னும் விற்பனையில் இருக்கிறது.

இருப்பதிலேயே குறைந்த அளவில் பத்து மாத்திரை கொடுத்து அப்பா அந்தப் பெண்ணை அனுப்பினார்.

நாலே முக்காலுக்குப் பக்கத்துக் கடை முகம்மது சலீம் டீ கொண்டுவந்தார். நேந்திரம் சிப்ஸ் கடைக்காரர். அப்பா போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சலீம், இந்தா முட்டை மாதிரி ஒண்ணு இருக்கே, இது என்ன எழுத்து?"

"முட்டை இல்ல அண்ணாச்சி, அரபில அஞ்சு. மதரசால அடி வாங்கிப் படிச்சது. எங்க மறக்கும்?"

அப்பா டீயைக் கீழே வைத்தார். "இந்த சுகர் மாத்திரைல அஞ்சு மில்லிகிராம் கிடையாதே."

என்னை அழைத்தார். "ஏட்டி பொன்செல்வி, முதல்ல வாரதப் பாக்காத. மாத்திரை எந்த நாட்டுல வித்ததோ அந்த நாட்டு அரசாங்கத்துப் பக்கத்துக்குப் போ. மருந்துப் பதிவேடு வச்சிருப்பாவ. அதுல பேரப் போட்டுப் பாரு."

ஆறு நிமிடம் ஆனது. பதிவேட்டில் அதே பெயர் இருந்தது. கம்பெனி வேறு. உள்ளே இருந்தது ரத்த அழுத்தத்துக்கான மருந்து, ஐந்து மில்லிகிராம்.

"தேதி என்ன போட்டிருக்கு?"

"இந்த வருஷம்தான்."

"கம்பெனிக்காரன் டாக்டர்மாருக்குன்னு ஒரு குறிப்பு போட்டிருப்பான். அதையும் எடு. ரெண்டும் ஒத்து வருதான்னு பாரு."

"அப்பா, நேரமில்ல."

"நேரமில்லன்னுதான மத்தியானம் விட்டோம்."

விட்டோம் என்றார். குறிப்பை எடுத்தேன். ஒத்து வந்தது.

சர்க்கரை நோய் இல்லாத வயதானவர் நாங்கள் கொடுத்த சர்க்கரை மாத்திரையைப் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், நினைவு தப்பும். பகலில் என்றால் கூட இருப்பவர்கள் கவனிப்பார்கள். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் தூங்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். காலையில் எழுப்பிப் பார்க்கும்போது எழுந்திருக்காமலும் போகலாம்.

அந்தப் பெண்ணின் போன் நம்பர் இல்லை. பெயர் தெரியாது. ராவிலே ஒண்ணு என்றது மட்டும் தெரியும்.

சலீம் கேட்டார். "கேரளாக்காரியா? அப்ப பதறாதிய. மலையாளத்துல ராவிலேன்னா காலைல. நாளைக்குக் காலைல வரைக்கும் டைம் இருக்குல்லா. டீய குடிங்க."

"குளிகன்னுதான் சொன்னா. ஆனா தீந்து போச்சுன்னும் சொன்னா. பாதிப் பேச்சு நம்ம பேச்சு. செங்கோட்டைப் பக்கத்துக்காரியா இருந்தா ராவிலேன்னா ராத்திரி."

"ரெண்டுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"அவகிட்ட கேட்டாத்தான் தெரியும். வண்டிய எடு, சலீம்."

அப்பா சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட்டும் சர்க்கரை பார்க்கும் கருவியும் வைத்துக்கொண்டார். போனையும் அதே பையில் போட்டார். அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். நான் துண்டிக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் காதால் கேட்டது.

மெயின் அருவியில் போலீஸ் மைக் இருக்கிறது. காணாமல் போன பிள்ளைகளுக்காக நாள் முழுக்க அறிவிப்பார்கள். அன்று மைக்கில் இருந்தவர் ஏட்டு ஞானதுரை. அப்பாவுக்குத் தெரிந்தவர்.

"பிள்ளையத் தேடித் தந்திருக்கேன், செருப்பத் தேடித் தந்திருக்கேன். மாத்திரையத் தேடச் சொல்லுத மொத ஆளு நீருதான் அண்ணாச்சி."

அப்பா விவரம் சொன்னார். ஞானதுரையின் குரல் தணிந்தது.

"நான் ஒண்ணு சொல்லுதேன் கேளும். கடை பேரு வேண்டாம். மாத்திரை வாங்குன அம்மா பொருள மறந்து வச்சிட்டுப் போயிட்டாவன்னு சொல்லிப்புடுதேன். சீசன்ல வார ஏவாரம்தான் உமக்கு வருஷம் பூராக் கஞ்சி. தப்பான மாத்திரைன்னு மைக்ல சொன்னா ஒருத்தன் கடை வாசப்படி மிதிப்பானா?"

"மறந்த பொருளுக்கு எவ ஓடி வருவா? போறப்ப வாங்கிக்கிடலாம்னு இருந்துருவா. மைக்கத் தாரும்."

அருவிச் சத்தத்துக்கு மேலே அப்பாவின் குரல் எனக்குக் கேட்டது. கடைப் பெயரைச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார். "மத்தியானம் எங்கடையில உம்மாவுக்கு மாத்திரை வாங்குன அம்மா, நான் தப்பான மாத்திரை கொடுத்துட்டேன். போடாதிய." பிறகு அதையே தெரிந்த மலையாளத்தில் சொன்னார். இரண்டு முறை சொன்னார். யாரோ சிரித்தது கேட்டது. "அந்தக் கடையா, லே?" என்று யாரோ கேட்டதும் கேட்டது. கால் மணி நேரம் நின்றார்கள். யாரும் வரவில்லை.

"ஐந்தருவிக்குப் போ," என்றார் அப்பா. வண்டிச் சத்தம். மழைச் சத்தம். போனின் ஓரத்தில் நேரம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 6.10. 6.24. 6.31.

ஐந்தருவி மைக்கிலும் அதையே சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது குரல் கம்மியிருந்தது. பாதியில் நிறுத்தினார்.

"நீங்களா? மைக்ல சொன்னது எங்களையா?" ஒரு பெண் குரல்.

"மாத்திரை போட்டாச்சா?" அப்பா அதைத்தான் முதலில் கேட்டார்.

"இல்ல. உம்மா வேன்ல பரோட்டா தின்னுது. தின்ன உடனே போடும். கவர்லேருந்து எடுத்து மடியில வச்சிருக்கு."

"காலைல போடுறது இல்லையா?"

"ராவிலேன்னு சொன்னேன்ல. ராத்திரி. உம்மாக்கு ஊரு செங்கோட்டை. நான் மலையாளத்துப் பக்கம் புனலூர்ல கெட்டிப் போனவ. என் பேச்சு ரெண்டுங்கெட்டான்."

அவர் பெயர் முஹ்ஸினா என்று பிறகுதான் தெரிந்தது. அப்பா வேனுக்குப் போய் அந்த அம்மாவின் மடியிலிருந்து மாத்திரையை எடுத்தார். கவரில் இருந்ததை எண்ணினார். ஒன்பது. மடியில் இருந்ததோடு பத்து.

"யாரு இது, என் குளிகையப் பறிக்கது?" என்று அந்த அம்மா கேட்டார். சலீம் சிரித்தார். அப்பா சிரித்தது கேட்கவில்லை. எந்தக் கடையிலும் சரியான மாத்திரையை வாங்கும்படி மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெட்டிமேல் போட்ட பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை. டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிய பிறகுதான் வாங்க வேண்டும் என்றார்.

அந்த சீசன் முழுக்க எங்கள் கடையைத் தப்பு மாத்திரைக் கடை என்றார்கள். ஞானதுரை சொன்னதுதான் நடந்தது. அடுத்த வருடம் இன்னொன்றும் நடந்தது. தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கும் ரூபி ஒருநாள் போன் செய்தார். மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு மாத்திரை, எங்கே பார்ப்பது என்று கேட்டார். பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அப்பா முதலில் அடிப்பகுதிக்குத்தான் போவார். யார் எழுதியது, எந்த நாட்டுக்கு, எப்போது திருத்தியது என்று பார்த்த பிறகுதான் மேலே வருவார். விற்கிறவன் எழுதியதை மட்டும் வைத்து அளவு சொல்லமாட்டார். சுகருக்கா என்று யாரிடமும் கேட்பதையும் விட்டுவிட்டார். எதுக்குப் போடுதிய என்று கேட்டுவிட்டு, அவர்களே சொல்லும்வரை காத்திருப்பார்.

சங்கக் கூட்டங்களில் இந்தக் கதையை அவரே சொல்வார். "முதல்ல வந்ததப் பாத்தேன், கொடுத்துட்டேன்," என்று தொடங்குவார். இரங்கல் கூட்டத்தில் ரூபியும் அப்படித்தான் சொன்னார். சொரிமுத்து அண்ணாச்சி முதல் பக்கத்தைப் பார்த்து ஏமாந்தார், பிறகு திருந்தினார் என்று. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடை உரிமத்தை ஒப்படைக்கச் சில தாள்கள் தேவைப்பட்டன. போன வாரம் அப்பாவின் போனைத் திறந்தேன். அந்தப் படம் அதில் இருந்தது. முட்டை மாதிரி இருக்கும் ஐந்து தெளிவாகத் தெரிகிறது. கீழே என் பதில், 2.52.

"அதேதான்ப்பா. சுகர் மாத்திரை. கொடுங்க."

அதற்குக் கீழே அவர் எழுதியது.

"சரிட்டி."

முதலில் வந்ததைப் பார்த்தது அவர் அல்ல. நான்.