கடைசி வாங்கில் இருந்த அக்கா

இன்று ஆராதனைக்கு வந்து, கோயில் வாசலில் இச்சிறு நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினருக்கும் நண்பருக்கும் என் வணக்கம். அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. அவருடைய வாழ்வை எழுதித் தரவேண்டும் என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். "எழுத்து வேலையெல்லாம் உங்கடை கைக்குத்தானே அப்பா அழகாய் வரும்" என்றாள் மூத்த மகள். அந்தக் கை செய்த தீங்கையும் சேர்த்து எழுதலாமென்றால் எழுதுகிறேன் என்றேன். எனக்கு எழுபது வயதாகிறது. இதை விட்டால் சொல்வதற்கு வேறு இடம் கிடைக்காது.

அக்கா யாழ்ப்பாணத்தில் நல்லூருக்கு அருகே மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு நான்கு வயது இளையவன். தகப்பனார் தேயிலைத் தோட்ட வைத்தியசாலையில் மருந்து கலக்கும் வேலை கிடைத்துக் கம்பளைப் பக்கம் வந்தபோது அக்காவுக்குப் பத்து வயது. இரண்டு வருடத்தில் தாயார் காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து ஒரு கொழுந்து பறிக்கும் பெண் மாலையில் வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டார். அவர் வடித்த சோற்றைத் தின்றுதான் நான் வளர்ந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், "அங்கை ஆர் சமைக்கிறது எண்டு கேட்டால் அக்கா எண்டு சொல்லு" என்று தகப்பனார் எனக்குச் சொல்லித் தந்தார். நான் அப்படியே சொன்னேன். அக்கா மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

கண்டியில் நான் படிப்பதற்காக அக்கா தம் படிப்பை நிறுத்தினார். தகப்பனார் இறந்தபின் மிஷன் பாடசாலையில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து என்னை உத்தியோகத்துக்கு ஆளாக்கினார். எனக்கு லிகிதராக எழுத்து வேலை கிடைத்து, கலியாணமும் ஆனபின், கண்டியில் எங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டேன். வரவில்லை. கம்பளையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களுக்கு நடந்து போய், லயத்துப் பெண்களுக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். மணம் செய்யவில்லை. எங்களுக்குச் சமைத்துப் போட்ட அந்த அம்மையாரின் கடைசி மகள் பாக்கியம், அக்காவிடம் எழுத்துப் படித்து, பிறகு அவருக்குத் துணையாக முப்பது வருடம் கூட நடந்தார்.

இனி என் பங்கைச் சொல்லவேண்டும்.

கண்டியில் நாங்கள் போய்வந்த கிறிஸ்தவக் கோயிலில் அந்நாளில் காலை ஆராதனை ஆங்கிலத்தில், பிற்பகல் ஆராதனை தமிழில். வருடத்துக்கு ஒருமுறை, அறுப்பின் பண்டிகையன்று மட்டும் எல்லாரும் ஒன்றாகக் கூடுவோம். ஒன்றாக என்றால் ஒரே கூரையின் கீழ், அவ்வளவுதான். நீள இருக்கைகளான வாங்குகளில் முதல் மூன்றும் ஐரோப்பியருக்கு. அடுத்தவை கலப்பினத்தவரான பறங்கியருக்கு. அதன்பின் உத்தியோகத்திலுள்ள தமிழரும் சிங்களவரும். வாங்கின் நுனியில் சிறு பித்தளைச் சட்டம் உண்டு. அதில் செருகும் பெயர் அட்டைகளை எழுதுவது நான். வருகிறவர்களை இருத்துவதும் நான்தான். கதவோரத்தில் சாய்வில்லாத இரண்டு வாங்குகள் கிடந்தன. அவற்றுக்கு நான் அட்டை எழுதியதில்லை. தோட்டத்து ஆட்கள் வந்தால் அந்தப் பக்கம் கையைக் காட்டிவிடுவேன். அது போதுமாயிருந்தது.

ஒரு அறுப்புப் பண்டிகைக்கு அக்கா பதினொரு பெண்களோடு காலை ரயிலில் வந்தார். நல்ல மழை. எல்லாருடைய சேலையும் நனைந்திருந்தது. ஒவ்வொருவர் கையிலும் காணிக்கைக்கு ஏதோ இருந்தது. பூசணிக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், பாக்கியத்தின் கையில் ஒரு கோழி. அக்காவை ஆசிரியைகளின் வாங்கில் இருத்திவிட்டு மற்றவர்களுக்குப் பின்பக்கம் கையைக் காட்டினேன்.

"தம்பி, இவையள் என்னோடை வந்தவை" என்றார் அக்கா.

"ஓம் அக்கா. பின்னுக்கு இடமிருக்குது. நீங்கள் இதிலை இருங்கோ."

"பின்னுக்கு அஞ்சு பேருக்குத்தான் இடம். முன்னுக்கு மூண்டு வாங்கு சும்மா கிடக்குது."

"அது துரைமாருக்கு."

"எங்கை துரைமார்?"

"வருவினம் அக்கா. மெல்லக் கதையுங்கோ."

"வரேக்கை நாங்கள் எழும்பி நிக்கிறம். எழும்பி நிக்கிறது இவையளுக்குப் புதிசே?"

பக்கத்து வாங்கிலிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது. "அக்கா, என்னை அவமானப்படுத்தாதையுங்கோ" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவோரத்து வாங்கில் பாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தார். ஐந்து பேர் இருக்க, மற்றவர்கள் ஆராதனை முடியும்வரை சுவரோரம் நின்றார்கள். மழையினாலோ என்னவோ அன்று ஒரு துரையும் வரவில்லை. மூன்று வாங்குகளும் கடைசிவரை வெறுமையாகவே கிடந்தன. நான் அவற்றுக்குக் காவல் நின்றேன்.

ஆராதனை முடிந்தபின் பார்த்தால் முதல் வாங்கின் அட்டையைக் காணவில்லை. அடுத்த சனிக்கிழமையே கம்பளைக்குப் போனேன். அக்கா மறைக்கவில்லை. தம் பாடப் புத்தகத்துக்குள்ளிருந்து அதை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில் பெயர்கள் வரிசையாக இருந்தன.

"வகுப்புக்கு வாற பெண்டுகளின்ரை இடாப்பு" என்றார். "நாப்பது பேர். நல்ல தடிச்ச அட்டையடா தம்பி. பின்பக்கம் வெள்ளையாய் வீணாய்க் கிடந்தது."

"கோயில் சாமான் அக்கா அது!"

"இவையளும் கோயில் ஆக்கள்தானே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

நான் குடிக்காமல் வந்துவிட்டேன். அன்று மாலையே வேறொரு அட்டை எழுதிச் செருகினேன். முன்னையதைவிட அழகாக எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு அடுத்த வருடம் என் மகளுக்கே அது நேர்ந்தது. ஆங்கில ஆராதனைக்குப் போனவள் இடம் தெரியாமல் மூன்றாம் வாங்கில் இருந்துவிட்டாள். ஒரு துரைசானி வந்து குடையின் நுனியால் அவள் தோளைத் தட்டி, அட்டையைக் காட்டினார். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அவளை எழுப்பிய அட்டை என் கையெழுத்து. ஆனால் அன்று எனக்கு வந்தது வெட்கமல்ல, கோபம். எங்களைப்போல உத்தியோகத்தில் இருந்தவர்களைக் கூட்டினேன். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, திருச்சபைத் தலைவரான அத்தியட்சருக்கு விண்ணப்பம் செய்வதென்று தீர்மானித்தோம். சட்டசபையில் இனவாரியாக ஆசனம் வேண்டுமா வேண்டாமா என்று பத்திரிகைகள் சண்டையிட்ட காலம் அது. அந்தச் சண்டையே எங்கள் பாடசாலை மண்டபத்துக்கும் வந்தது. கிறிஸ்துவின் சபைக்குள் இனத்துக்கொரு சங்கம் பாவம் என்றார் ஒருவர். அடித்தவர்களுக்கு ஒரு சங்கமும் வேண்டாம், அடிபட்டவனுக்கு வேண்டும் என்றார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்ததாகவே இன்றும் நினைக்கிறேன்.

செயலாளர் என்ற முறையில் விதிகளை எழுதியது நான். இரண்டாம் விதி, இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழரே அங்கத்தவராகலாம் என்றது. வாசித்து முடித்ததும், செபம் செய்வதற்காக அழைக்கப்பட்டிருந்த அக்கா எழுந்தார்.

"சங்கம் வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. நோகிறவைக்கு நோகுது எண்டு சொல்ல ஒரு இடம் வேணும். ஆனால் இந்த ரண்டாம் விதி ஆருக்குப் பயந்து எழுதினது?"

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அமைதியாகவே பதில் சொன்னார். "தங்கச்சி, தோட்டத்து ஆக்களையும் சேர்த்தால் துரைமார் எங்களையும் கூலியள் எண்டு நினைப்பினம்."

"இப்ப என்னவெண்டு நினைக்கினம், வாத்தியார்?"

மண்டபம் முழுவதும் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, துரைசானி குடையாலை காட்டினா. நீ பேனையாலை காட்டுறாய். பாக்கியத்தின்ரை தாய் ஆக்கின சோத்துக்கு எந்த விதியிலை இடம் வைச்சிருக்கிறாய்?"

எல்லாருக்கும் முன்னால், இத்தனை வருடம் மறைத்த சோற்றை அவர் இலையில் போட்டுவிட்டார். கைகளை உயர்த்தும்படி தலைவர் கேட்டபோது விதிக்கு ஆதரவாக என் கையை உயர்த்தினேன். விதி நிறைவேறியது. அக்கா ஒப்புக்கொண்டபடி செபத்தைச் செய்து முடித்துவிட்டு ரயிலுக்கு நடந்தார். சங்கத்தில் அவர் ஒருநாளும் சேரவில்லை. என்னோடு பேசாமல் விட்டதும் இல்லை. மறுமாதமே ஆனைக்கொய்யாப் பழம் கொண்டுவந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு எத்தனையோ மாதம் கிடைத்தது. நான் பழத்தைச் சாப்பிட்டேன்.

எங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி என்றொரு மறுமொழி வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. சில வருடம் கழித்துப் புதிய குருவானவர் ஒருவர் வந்தார். அவரும் வெள்ளைக்காரர்தான். அக்கா அவரைத் தனியே போய்ப் பார்த்து அந்த அட்டையை மேசைமேல் வைத்தாராம். "ஐயா, முன்பக்கத்தில் எழுதப்பட்டவர்கள் வருவதில்லை. பின்பக்கத்தில் எழுதப்பட்டவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு இருக்க இடமில்லை" என்று சொன்னாராம். இதைக் குருவானவரே எனக்குச் சொன்னார். அடுத்த ஞாயிறு அவர் தாமே எல்லா அட்டைகளையும் உருவியெடுத்தார். இரண்டு துரை குடும்பங்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்தின. எங்கள் சங்கம் கூட்டம் போட்டு, இது விண்ணப்பத்தின் வெற்றி என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தையும் நானே எழுதினேன். அக்காவின் பெயர் அதில் இல்லை.

அட்டைகள் போனபின்னும் அக்கா முன்னுக்கு வரவில்லை. கதவோரத்து வாங்கில் அந்தப் பெண்களோடேயே இருந்தார். ஏன் என்று கேட்டபோது, "அவையளுக்கு முன்னுக்கு வரக் கால் வரேல்லை. வந்தால் நானும் வாறன்" என்றார்.

தம் கடைசி வருடத்தில் அவருக்கு உடம்பில் நீர் கோத்துக் கால்கள் வீங்கின. எட்டு மாதம் படுக்கை. பாக்கியம் தோட்டத்து ஆள்பதிவில் தம் பெயரை வெட்டிக்கொண்டு, வேலையை விட்டு வந்து, அக்காவைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி இருத்தினார். நான் ஞாயிறுதோறும் போய்க் கதிரையில் இருந்துவிட்டு வருவேன். கடைசி ஞாயிறு அக்கா தெளிவாகப் பேசினார். "தம்பி, என்ரை செத்தவீட்டுக்கு ஆரையும் நீ கைகாட்டி இருத்தாதை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் அதைக் காப்பாற்றினேன், எழுத்தளவில். அடக்க ஆராதனையன்று யாருக்கும் கை காட்டவில்லை. முதல் வாங்கில் நான் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் மூன்று பேர் இருக்கக்கூடிய இடம் இருந்தது. பெட்டிக்குப் பின்னால் நடந்துவந்த பாக்கியம், என் வாங்கைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார். சங்கத்துப் பெரியவர்கள் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் திரும்பிப்போய்க் கதவோரத்தில் இருந்தார். அட்டை இல்லை, நான் கையும் காட்டவில்லை. ஆனாலும் நான் இருபது வருடம் காட்டிய கை அவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வருடத் தொடக்கத்தில் இரண்டாம் விதியை நீக்கவேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தேன். தோற்றது. செயலாளர் பொறுப்பை விட்டு விலகினேன். அது பெரிய காரியமல்ல. பதினைந்து வருடம் பிந்திச் செய்தது.

அக்காவின் கடைசி நாட்களில் உதவியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. அழைத்த நேரமெல்லாம் வந்த கம்பளை டாக்டருக்கும், கண்டிக்குப் பெட்டியைக் கொண்டுவரத் தம் லொறியைக் கேளாமலே அனுப்பிய அக்குறணைத் துணிக்கடை முஸ்லிம் நானாவுக்கும், பெட்டியோடு மழையில் நடந்த தோட்டத்து மக்களுக்கும், குருவானவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பாக்கியம் அவர்களுக்கு நன்றி என்ற சொல் போதாது. அதனால் சென்ற கிழமை கம்பளைக்கு நேரில் போனேன். இன்றைய ஆராதனையில் முதல் வாங்கில் எங்களோடு இருக்கவேண்டும் என்று கேட்டேன். அவர் எனக்குத் தேநீர் தந்தார். இம்முறை குடித்தேன்.

"வேணாங்கையா" என்றார். அக்காவை அவர் அம்மா என்றுதான் அழைப்பார். "அம்மா கூட ஒக்காந்த எடத்துலேயே நான் ஒக்காந்துக்கிறேன். அங்க அம்மா எடம் சும்மாதான் கெடக்கு. நீங்க வேணும்னா அங்க வாங்க."

ஆகவே அன்பர்களே, என்னை முன்னால் தேடவேண்டாம். இந்த மலர் உங்கள் கையில் கிடைக்கும் நேரத்தில் நான் கதவோரத்தில், சாய்வில்லாத வாங்கில் இருப்பேன். முதல் வாங்கில் இடமிருக்கிறது. யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அக்காவின் தம்பி