ஏழாவது அடியில் ஒரு தூண்

லுணுகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவம்தான் பின்னேரங்களில் கராத்தே கழகம். கொழும்பில் ஒரு ஜப்பான்காரரிடம் படித்துவிட்டு வந்த, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய இராசமணி கிளாக்கர் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் தொடங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு நடத்துகிறவள் விஜயலெட்சுமி. பகலில் கொழுந்து பறிப்பாள், ஐந்து மணிக்குக் கறுப்புப் பட்டி கட்டுவாள். மலையில் அவளிடம் வாய் கொடுக்கிற கங்காணி இன்னும் பிறக்கவில்லை.

இந்த வருடம் தலைமைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஜப்பானிலிருந்து வரும் எழுபது வயது ஆசான் பதுளையில் எல்லாக் கழகங்களையும் சோதிப்பார். தேறாத கழகம் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட வேண்டும். அந்தப் பலகையை விஜயலெட்சுமி தாலிக்கொடிக்கு அடுத்தபடியாகக் காத்து வந்தவள். மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பதுளை மண்டபத்தில் அவளுடைய ஆட்கள் பன்னிரண்டு பேரும் கட்டா செய்தார்கள். கட்டா என்றால் இல்லாத எதிரியோடு அடி பிசகாமல் சண்டை போடுவது. ஆறு அடி நேராகப் போனார்கள். ஏழாவதில் ஒருவர் விடாமல் இடப்பக்கம் ஒதுங்கி, வளைந்து, மறுபடி நேரானார்கள். மற்றக் கழகத்தார் யாரும் அப்படி ஒதுங்கவில்லை. விஜயலெட்சுமி அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

ஆசான் ஏதோ கேட்டார். ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய கஜரூபன் மாஸ்டர் அதைத் தமிழில் சொன்னார்.

"அந்த இடத்தில எந்த எதிரிக்கு விலகுறீங்கள் எண்டு கேக்கிறார்."

பொய் சொல்ல ஆசைதான். வாய் வரவில்லை.

"எதிரி இல்லீங்க, தூணு. மடுவத்துல தராசு தொங்குற தூணு."

இடம் போதாமல், சோக்குக்கட்டியால் தரையில் போட்ட ஒரே கோட்டிலிருந்து ஒவ்வொருவராகப் பழகிப் பழகி, தூண் கட்டாவுக்குள்ளேயே குடியேறிவிட்டிருந்தது. மண்டபம் சிரித்தது. ஆசான் சிரிக்கவில்லை. அந்தத் தூணைப் பார்க்க வேண்டும் என்றார்.

மறுநாள் கஜரூபன் மாஸ்டரோடு மடுவத்துக்கு வந்தவர், அடியை முறையாக வைத்தால் தூண் குறுக்கே வரவே வராது, பிழை கிளாக்கருடையது என்று விளக்கினார். விளக்கிவிட்டுத் தானே கோட்டில் நின்று தொடங்கினார். தடுக்க வாயெடுத்த விஜயலெட்சுமி, பெரிய மனிதரை மறிப்பது மரியாதையில்லை என்று மூடிக்கொண்டாள். ஏழாவது அடியில் ஆசானின் நெற்றி தூணில் மோதியது. தராசு ஆடி அடங்க வெகுநேரமாயிற்று.

கொழுந்து நிறுக்க வந்திருந்த கருப்பம்மா தைலத்தோடு ஓடி வந்தாள். ஆசான் அவளை விலக்கிவிட்டுத் தூணுக்குத் தலைவணங்கினார். கோட்டுக்குத் திரும்பி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஏழாவதில் இடப்பக்கம் ஒதுங்கினார். கிளாக்கரே எழுந்து வந்த மாதிரி இருந்தது. விஜயலெட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

போகும்போது அவர் சொன்னதைக் கஜரூபன் மாஸ்டர் சொன்னார்.

"பலகையைக் கழட்ட வேண்டாமாம். தூணையும்."