கார்மெல் காரின் நடு சீட்

கார்மெல் ஹெனகனுக்கு நான் ஆப்பிள் டார்ட் செய்து எடுத்துக்கொண்டு போனால், நன்றி என்று ஒரு வார்த்தை வராது. துணியை விலக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்ப உனக்கு என்னடி வேணும்?" என்பாள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபம் வரும். டார்ட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூடத் தோன்றும். அதற்குள் அவள் டீ போடட்டுமா என்று கேட்பாள், நான் வேண்டாம் என்பேன், மறுபடி கேட்பாள், மறுபடி வேண்டாம் என்பேன், மூன்றாவது முறை கேட்டதும் உட்கார்ந்துவிடுவேன்.

அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. வானொலியில் வெயில் என்றால் மழைக்கோட்டை எடுத்து மாட்டுவாள். சர்ச்சில் பூசை சீக்கிரம் முடிந்தால், "சாமியாருக்கு இன்னிக்கு மேட்ச் பாக்கணும் போல" என்று என் காதில் கிசுகிசுப்பாள். பிறவிக் குணம் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. மாட்டுச் சந்தை கேன்டீனில் வேலை. அயர்லாந்தின் இந்த மேயோ மாவட்டத்தில் மாட்டுக்கு வயதைக் குறைத்துச் சொல்கிற அத்தனை ஆம்பளைகளுக்கும் சூப் ஊற்றியவள் வேறு எப்படி இருப்பாள்? "சந்தேகப்பட்டுக் கெட்டவன் எவனும் இல்ல, பெர்னி. நம்பிக் கெட்டவந்தான் ஊரெல்லாம்" என்பாள். அவள் புருஷன் டெக்லன் பால் லாரி ஓட்டுகிறான். வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் அதையும் அவள் சந்தேகப்படுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

பிள்ளை இல்லை அவர்களுக்கு. போன இலையுதிர் காலத்தில் திடீரென்று இரண்டு குழந்தைகளை வளர்க்க எடுத்துக்கொண்டார்கள். ரோஷீனுக்கு ஆறு வயது, அவள் தம்பி ஓரனுக்கு மூன்று. பெற்றவளுக்கு உடம்பும் மனசும் சரியில்லை. நெடுநாளைக்குச் சரியாகாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு கைக்குழந்தை, டெஸ். அவசரத்தில் எல்லோரையும் ஒரே வீட்டில் வைக்க இடம் கிடைக்காமல், டெஸ்ஸை வேறு ஊரில் வேறொரு வீட்டில் விட்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் குழந்தைகள் நல அலுவலகத்தில் ஓர் அறையில் மூவரும் சந்திப்பார்கள். அப்புறம் பிரித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அந்த ரோஷீன் இருக்கிறாளே, கார்மெலுக்குத் தப்பாமல் பிறந்தவள் மாதிரி. கொடுத்த பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பாள். காரில் ஏறினால் அவள் ஒரு ஓரம், ஓரன் ஒரு ஓரம். நடுவில் இருக்கும் இடத்தில் பள்ளிப் பையைக்கூட வைக்க விடமாட்டாள். ஒருநாள் நான் என் கைப்பையை அங்கே வைத்ததற்கு, "அது டெஸ் இடம்" என்று எடுத்து என் மடியில் போட்டாள். வீடு வரும் வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

அந்த அலுவலகத்தில் இந்தக் குழந்தைகள் விஷயத்தைப் பார்த்துக்கொண்டவள் ஹில்டா என்ற ஹாலந்துக்காரி. முதல் முறை வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். டீ குடிக்கிறீர்களா என்று கார்மெல் கேட்டாள். "குடிக்கிறேன், நன்றி" என்று அவள் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கார்மெல் என்னைப் பார்த்தாள், நான் கார்மெலைப் பார்த்தேன். சமையலறைக்குள் போனதும், "மொதத் தடவையே சரிங்கறாடி. எந்தக் காஞ்ச காட்லேர்ந்து வந்திருக்கா?" என்றாள். இரண்டாவது கோப்பை வேண்டுமா என்றதற்கு ஹில்டா வேண்டாம் என்றாள். கார்மெல் வழக்கம்போல ஊற்றினாள். அந்த டீ அப்படியே ஆறி, ஆடை படிந்து கிடந்தது.

கிளம்பும் முன் ஹில்டா நேராகக் கேட்டாள். "டெஸ்ஸையும் உங்க வீட்டுக்கே கொண்டு வரலாம். ஆபீஸ்ல நான் கொஞ்சம் ஓடியாடி ஏற்பாடு பண்ணணும். பண்ணட்டுமா?"

கார்மெலின் முகம் பூவாக மலர்ந்ததை நான் பார்த்தேன். "அய்யய்யோ, வேணாங்க! எங்களுக்காக நீங்க எதுக்கு அவ்வளவு சிரமப்படணும்?" என்று சொல்லிவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

ஹில்டா தலையை ஆட்டினாள். வாசலுக்கு வந்தாள். போகிற போக்கில் அவர்களுடைய சின்னக் காரின் பின்சீட்டைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

ஏப்ரலில் ஹில்டாவிடமிருந்து போன் வந்தது. டெஸ்ஸுக்குக் கால்வே நகரத்துப் பக்கம் ஒரு நல்ல தம்பதி கிடைத்திருக்கிறார்கள், மாதக் கடைசியில் கமிட்டி கூடி முடிவு செய்யும், நிரந்தரமாக அங்கேதான் வளருவாள் என்றாள். கார்மெல் போனை வைத்துவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"காருதான்டி. நான் அன்னிக்கே பாத்தேன். மறுபடி கேக்க வந்தவ, காரப் பாத்தா, வாய மூடிக்கிட்டா. மூணு சீட்டு போட முடியாத வீட்டுக்கு மூணு புள்ள எதுக்குன்னு முடிவு பண்ணிட்டா."

"அதை உன்கிட்ட சொல்லியிருப்பாளே?"

"அவங்க எதத்தான் நேராச் சொல்றாங்க? உனக்கு ஒண்ணும் தெரியாது, போடி."

எங்கள் நாட்டில் காரில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகப் பாதுகாப்புச் சீட் போட வேண்டும் என்பது சட்டம். பெரிய கார் வாங்குகிற நிலைமை அவர்களுக்கு இல்லை. இருப்பதில் மூன்று குழந்தை சீட்டைப் போட்டுக் காட்டுவது ஒன்றே வழி என்று அவள் முடிவு கட்டினாள். குழந்தை சீட் விற்கிற கடைக்காரன் பின்சீட்டை அளந்துவிட்டு, "நடக்கவே நடக்காதும்மா" என்றான். "பெரிய கார் விக்கிற மச்சான் எவனோ இவனுக்கு இருக்கான்" என்று திரும்பி வரும் வழியெல்லாம் பொருமினாள். விசாரித்துப் பார்த்ததில் அவனுக்கு மச்சானே கிடையாது. அதையும் அவள் நம்பவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டு முற்றத்தில் எங்களுக்குச் சீட்டுத் திருவிழாதான். மழை நசநசவென்று தூறும். கார்க் கதவு இரண்டும் திறந்திருக்கும். ஒரு பக்கம் அவள் பின்புறம், மறுபக்கம் என் பின்புறம். தெருவில் போகிற எல்லோரும் நின்று பார்த்தார்கள். "என்ன பெர்னி, காருக்குப் பிரசவமா?" என்று எதிர்வீட்டு மைக்கேல் கேட்டான். வாயில் வந்ததைச் சொல்லி அவனை விரட்டினேன்.

மூன்றையும் வரிசையாக வைத்தால் மூன்றாவது பாதியில் தொங்கியது. எப்படியோ அழுத்தி உள்ளே தள்ளினால் கதவு மூடவில்லை. கதவை மூடினால் ரோஷீனின் பெல்ட்டைப் பூட்டுகிற இடம் ஓரனின் சீட்டுக்கு அடியில் புதைந்து போனது. அதைத் தேடி விரலை விட்டு என் கட்டை விரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது. "போதும்! மனுஷி செய்யற வேலையா இது?" என்று கத்தி சீட்டை ஓர் உதை விட்டேன். அது என் கால் விரலையும் பதம் பார்த்தது.

கார்மெல் நான் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. பின்சீட்டின் இடுக்கில் இரும்புக் கொக்கி இருக்கும். சீட்டின் கால் அதில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். அந்த இடுக்கையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இந்தக் கொக்கி மேல நம்பிக்கை இல்லடி."

"அய்யோ, ஆரம்பிச்சிட்டியா?"

"கண்ணுக்கே தெரியல. டக்குன்னு சத்தம் வந்தா மாட்டிக்கிச்சுன்னு அர்த்தமா? டக்குன்னு சத்தம் என் முட்டிலகூடத்தான் வருது. பெல்ட்டால கட்டினா கண்ணால பாக்கலாம், கையால இழுத்துப் பாக்கலாம்."

பெல்ட்டில் கட்டினாலும் அந்தச் சீட்டுக்குச் சரிதான் என்று அதிலேயே படம் போட்டு ஒட்டியிருந்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு அவள் ஓரனின் சீட்டைப் பெல்ட்டால் கட்டினாள். கட்டும்போதுதான் பார்த்தோம்: கொக்கியில் மாட்டினால் சீட் வைத்த இடத்தில்தான் நிற்கும், பெல்ட்டில் கட்டினால் கதவுப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அந்தக் கொஞ்சம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. கைக்குழந்தை சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடி நடுவில் வைத்தோம். அதன் அகலமான பாகம் மற்ற இரண்டின் தோளோடு இடிக்காமல் முன்னால் தள்ளி நின்றது. ரோஷீனுக்கு ஒல்லியான சீட்டாக என் மகளிடம் பழசைக் கேட்டு வாங்கி வந்தேன். கார்மெல் முதலில் அதைத் தலைகீழாகப் பிடித்து உதறி, விரிசல் தேடி, எந்த விபத்திலும் சிக்காதது என்று என் மகளிடம் போனில் மூன்று முறை சத்தியம் வாங்கிக்கொண்டுதான் காரில் வைத்தாள்.

கதவு மூடியது. இரண்டு பக்கமும். நாங்கள் இருவரும் மழையில் நின்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். உடனே அவள் என்னைத் தள்ளிவிட்டு, "தொறந்து மறுபடி மூடு. சும்மா மூடின மாதிரி இருக்கும்" என்றாள்.

ஹில்டாவை வரச் சொல்லி அவளே போன் செய்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. ஹில்டா வந்து இறங்கியதும் கார்மெல் கையைக் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பாருங்க. மூணு. கதவு மூடுது. வேணும்னா இழுத்துப் பாருங்க."

ஹில்டா குனிந்து பார்த்தாள். நிஜமாகவே இழுத்துப் பார்த்தாள். "ரொம்ப நல்லா மாட்டியிருக்கீங்க. ஆனா மூணாவது சீட்டு யாருக்கு?"

"யாருக்கா? கேக்கறதப் பாரு! டெஸ்ஸுக்குத்தான். காரு சின்னதுன்னு தானே கொழந்தைய வேற வீட்டுக்குத் தள்ளிவிடறீங்க? அன்னிக்கு எட்டிப் பாத்தீங்களே, நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

"ஓரன் சீட்டு சரியா மாட்டியிருக்கான்னு பாத்தேன்." ஹில்டாவின் முகம் சிவந்துவிட்டது. "கார்மெல், டெஸ்ஸைக் கொண்டு வரட்டுமான்னு நான் உங்ககிட்ட கேட்டேன். நீங்கதான் வேணாம்னு சொன்னீங்க."

"நானா? நான் வேணாம்னேனா?"

"'வேணாங்க, எதுக்குச் சிரமம்'னு சொன்னீங்க. எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒருத்தர் வேணாம்னா அவங்கள வற்புறுத்தக் கூடாதில்ல?"

கார்மெல் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். அந்த 'வேணாங்க' என் காதிலும் விழுந்தது. என் காதுக்கு அது 'சரி' என்றுதான் கேட்டது.

"ஒரு தடவதானே வேணாம்னேன்!" கார்மெலின் குரல் உடைந்தது. "ஒரே ஒரு தடவ! நான் காத்துக்கிட்டுத்தானே நின்னேன். நீங்க மறுபடி கேக்கவே இல்லியே!"

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், தன் வாயில் வந்த வார்த்தையை மட்டும் சந்தேகப்படவில்லை.  ஹில்டாவின் கண்ணும் கலங்கியதை நான் பார்த்தேன். ஆறிப் போன அந்த டீ அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் சொன்னாள்: "கமிட்டி இன்னும் கூடல. நான் உறுதி எதுவும் குடுக்க முடியாது. அக்காவும் அண்ணனும் இருக்கிற வீடே கேக்குதுன்னா அதத்தான் மொதல்ல பாப்பாங்க. அதனால மறுபடி கேக்கறேன். டெஸ்ஸையும் எடுத்துக்கறீங்களா?"

"அய்யோ, உங்களுக்கு எதுக்கு..." என்று கார்மெல் வாயெடுத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், பழக்க தோஷம் அப்படி. நசுங்கின என் கட்டை விரலோடு அவள் முழங்கைச் சதையை ஒரு கிள்ளு கிள்ளினேன்.

கார்மெல் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "வேணும்" என்றாள். போதாதோ என்று சந்தேகம் வந்து, "வேணும், வேணும்" என்றாள்.

கமிட்டி கூடுகிற வரை அவள் தூங்கவில்லை. கால்வே தம்பதிக்கு உள்ளே ஆள் இருப்பதாகவும், ஹில்டா நல்லவள் மாதிரி நடிப்பதாகவும், போன் கம்பி அறுந்துவிட்டதாகவும் தினம் ஒன்று சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் சரி என்று செய்தி வந்தபோது, "இவ்வளவு சுலபமாக் குடுக்கறாங்கன்னா உள்ள ஏதோ இருக்குடி" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அடித்தே இருப்பேன்.

டெஸ்ஸை ஹில்டாதான் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டே கார்மெல் டீ வேண்டுமா என்று கேட்டாள். "வேண்டாம்" என்றாள் ஹில்டா. ஆனால் கோட்டைக் கழற்றினாள். கார்மெல் கண்ணை இடுக்கிக்கொண்டு, "நெஜ வேண்டாமா, எங்க ஊரு வேண்டாமா?" என்று கேட்டாள். "உங்க ஊரு" என்றாள் ஹில்டா.

டீ முடிந்ததும் குழந்தைகளைக் காரில் ஏற்றினோம். டெஸ்ஸின் பெல்ட்டைக் கார்மெல் இழுத்துப் பார்த்தாள், என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னாள், டெக்லனையும் கூப்பிட்டு இழுக்கச் சொன்னாள். ரோஷீன் தன் ஒல்லிச் சீட்டில் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவள மறுபடி எடுத்துட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டாள்.

மாட்டார்கள் என்று சொல்லேன்டி என்று எனக்குள் அடித்துக்கொண்டது. கார்மெல் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேரை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். குனிந்து ரோஷீனின் கையை எடுத்து டெஸ்ஸின் பெல்ட் மேல் வைத்தாள்.

"நீயே இழுத்துப் பாரு."

ரோஷீன் இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். டெஸ் சிரித்தாள்.

"அசையல" என்றாள் ரோஷீன்.