மீன் மணத்த பன்றிக்கறி

பன்றி வளர்க்கும் சக தியாகிகளே, நம் தொழிலில் எடை கூடினால் திருவிழா, கூடாவிட்டால் வீட்டில் பூகம்பம்!

தொந்தி மட்டும்

மலேசியாவில் தாப்பா பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிய பழைய தோட்டத்தில், சில கறுப்பு நாட்டுப் பன்றிகளோடு ஆரம்பித்தேன். கடைத் தீவனம் நமக்குக் கட்டுப்படியாகுமா? வேலியோரம் மரவள்ளி காடாய்க் கிடந்தது. கிழங்கை அவித்து அவித்துப் போட்டேன். எல்லாவற்றுக்கும் தொந்தி வந்தது, முதுகெலும்பு மட்டும் துருத்திக்கொண்டே நின்றது. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் சேவியர் கெடு வைத்துவிட்டார். கிறிஸ்மஸுக்குள் தேறாவிட்டால் பன்றிகளை விற்றுவிட்டு நானும் அதே தொழிற்சாலைக்குப் போகவேண்டும். பக்கத்து வீட்டு மேரி அக்கா தீவனத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“வயித்துக்குத்தான் போடுற, ஒடம்புக்கு எப்ப போடுவ லா?”

தவ்ஹு சக்கை

அந்தக் கேள்வி சுரீரென்று தைத்தது. வெறும் மாவைப் போட்டால் சதை எங்கிருந்து வரும்? ஈப்போவில் தவ்ஹு என்னும் சோயாக் கட்டி செய்யும் பட்டறையில், பால் பிழிந்த சோயாச் சக்கையைச் சும்மா கொட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஹுத்தான் மெலிந்தாங்கில் படகு வைத்திருக்கும் என் அண்ணன், விலைபோகாத பொடிமீனைக் கொடுத்தார். அவித்த மரவள்ளி, சக்கை, வேகவைத்த மீன், தவிடு, கொஞ்சம் உப்பு, மேலே கங்கோங் கீரை! கொட்டியதும் தொட்டியையே நக்கித் தீர்த்தன. சில வாரங்களில் முதுகு உருண்டது, ரோமம் மினுமினுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சேவியரை இழுத்து வந்து காட்டினேன்.

“எடை சரி. கறிக்கடை தவுக்கே என்ன சொல்றாருன்னு பாப்போம்.”

மார்க்கெட்டில் போன மானம்

தவுக்கே என்றால் முதலாளி; இவர் ஜெலாப்பாங் மார்க்கெட்டில் பன்றிக்கறி விற்கும் சீனர். புதுப் பண்ணைக் கறி என்றால் ஒரு துண்டை உப்பு மட்டும் போட்டு வறுத்து, வாயில் வைத்த பிறகுதான் அவரிடம் பேச்சு. கிறிஸ்மஸுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே முதல் பன்றியைக் கொடுத்துப் பார்த்தேன். மென்றார். முகம் சுருங்கியது. நானும் ஒரு துண்டு தின்றேன். கருவாட்டு வாடை! தின்ற மீனெல்லாம் கொழுப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

“தங்காச்சி, நான் பாபி கேட்டேன், பன்னி! நீ இக்கான் கொண்டாந்த, மீனு!”

இரண்டாவது துண்டு

எனக்கு அழுகையாக வந்தது. அன்றே மீனை நிறுத்தினேன், அந்த இடத்துக்குச் சக்கையைக் கூட்டினேன். எடை இறங்கிவிடுமோ என்று தினமும் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தேன். இறங்கவில்லை!

கிறிஸ்மஸ் வாரத்தில் மறுபடி தவுக்கேயின் சட்டி சூடேறியது. சேவியரும் லீவு போட்டு வந்து நின்றார். தவுக்கே ஒரு துண்டு தின்றார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதை சேவியரிடம் நீட்டிவிட்டு, மிச்சம் இருக்கும் பன்றியெல்லாம் தனக்குத்தான் என்றார். மார்க்கெட் என்றும் பாராமல் நான் கத்தியே விட்டேன்! சேவியர் மென்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இனிமே வேலை முடிஞ்சி வர்றப்ப சக்கைய நானே எடுத்தாரேன் லா.”

பன்றிக்குச் சதை தவ்ஹு சக்கையில் வருகிறது, புருஷனுக்குப் புத்தி வறுத்த கறியில் வருகிறது என்பதுதான் நான் கண்ட தீவன சாஸ்திரம்.