பாவடித் தெருவின் நல்ல தண்ணி

ஆரணியில் பாவடித் தெருவுக்குப் போய் அபிதகுசாம்பாள் வீடு எது என்று கேட்டால், "தண்ணி சண்டைக்கார அம்மாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயர் அவருக்கு வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. சின்னப் பங்கு இல்லை.

1984இல் எனக்கு இருபத்து மூன்று வயது. தேவிகாபுரம் பக்கத்துக் கிராமம். எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். கைநாட்டு வைக்கும் எங்கள் அப்பா, கடித உறையில் "பி.எஸ்சி." விட்டுப்போனால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்வார். வேதியியல் படித்ததால்தான் அந்த வேலை கிடைத்தது. வளரும் நாடுகளில் தண்ணீரும் நோயும் என்று ஓர் ஆய்வு. வெளிநாட்டுக்காரர்கள் பணம் போட, சென்னையில் ஒரு குழு நடத்தியது. ஆரணியில் இருபத்தாறு தெருக்கள். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். தெருவுக்கு ஒரு பாட்டில் குடிதண்ணீர் பிடித்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர் கெட்டுப்போன பத்துத் தெருக்களுக்கு அதே திட்டத்தில் குழாய் வரும். இந்தக் கடைசி வரி மட்டும் ஊர் முழுக்க எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

பாவடித் தெருவில் முப்பத்திரண்டு வீடு. எல்லாம் பட்டுத் தறி. நான் முதலில் ஏறிய வீட்டில் அபிதாக்கா ராட்டினத்தில் பட்டு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் வீட்டுக்காரர் ராஜவேலு தறிக்குழியில் இருந்தார்.

"குந்து தம்பி. கவர்மெண்ட் ஆளா?"

"கவர்மெண்ட் மாதிரிங்க."

"மாதிரின்னா? கொழா வருமா, கொழா மாதிரி ஏதாவது வருமா?"

தறிக்குழியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நான் படிவத்தை எடுத்தேன். அறுபத்தொரு கேள்வி. அக்கா எதற்கும் யோசிக்கவில்லை. போன வருஷம் தெருவில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு, நாலு பேருக்கு மஞ்சள் காமாலை என்று பெயர் சொல்லியே எண்ணினார். பஜார் டாக்டர் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாராம்.

"காய்ச்சினா பூச்சி சாவும். சாயம் சாவுமா? நீதான் படிச்சவன், சொல்லு."

எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தேதியிலும் ஒரு விரல் நீளப் பட்டு இழை குத்தியிருந்தது. சாயம் ஏற்றாத வெள்ளை இழையைக் காலையில் குடத்தில் போட்டு, மறுநாள் எடுத்துக் காயவைத்துக் குத்திவைப்பாராம். சில தேதிகளில் இழை வெள்ளையாகவே இருந்தது. சிலவற்றில் வெளிறிய அரக்கு. ஒரு வாரம் முழுக்க எலுமிச்சை.

"கல்யாண சீசன் வந்தா அரக்குதான். பட்டறைக் கழிவு கால்வாயில வந்து பள்ளத்துல நிக்குது. பள்ளத்துக்குப் பக்கத்துல கெணறு. பட்டுக்கு ஏறாத சாயம் எங்க வயித்துக்கு ஏறுது."

நான் அசந்துபோனேன். மூன்று வருஷம் சோதனைக்கூடத்தில் நின்ற எனக்கு இப்படி ஒன்று தோன்றியதில்லை. படிவத்தின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அவசரம் இருந்தது. ஒரே பெண் தேவகியை வந்தவாசியில் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "அவள இந்தத் தண்ணியக் குடிக்க வெக்கறதா? அழைக்காம விட்டா சம்பந்தியம்மா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும். ஜல்தியா எழுது தம்பி."

எழுதினேன். ஜல்தியாகத்தான் எழுதினேன்.

ஆங்கிலப் படிவத்தில் "குடிநீர் ஆதாரம்" என்று ஓர் இடம். எங்கள் கிராமத்தில் குடிக்கிற தண்ணீரை நல்ல தண்ணி என்போம். மாடு கழுவ, துணி துவைக்க உப்புத் தண்ணி. அதனால் வீடு வீடாக நான் கேட்டது ஒரே கேள்வி: "நல்ல தண்ணிக் கெணறு எதுங்க?" முப்பத்திரண்டு வீடும் ஒரே பதில் சொன்னது. வீரபாகு மேஸ்திரியின் சாயப்பட்டறைக்குப் பின்னால் இருப்பது.

பாட்டில் பிடிக்கப் போன அன்று அபிதாக்கா மகளைப் பார்க்க வந்தவாசி போயிருந்தார். மேஸ்திரி இடுப்புச் சாவியை எடுத்துக் கிணற்றுக் கதவைத் திறந்துவிட்டார். "எடுத்துகினு போ. ஆரணியில எவன் கெணத்த வேணா பாரு, என் தண்ணிக்கு முன்னால நிக்காது" என்றார், மாப்பிள்ளையைக் காட்டுகிற மாமனார் மாதிரி. பூட்டுப் போட்ட கிணற்றில் ஒரு தெரு எப்படிக் குடிக்கும்? எனக்குத் தோன்றவில்லை. கழிவு மேலும் கலந்துவிடாமல் பூட்டி வைத்து, நேரத்துக்குத் திறந்துவிடுகிறார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். பாட்டிலில் சீட்டு ஒட்டினேன்: பாவடித் தெரு, பொதுக் குடிநீர்க் கிணறு. கீழே கையெழுத்து, பி.எஸ்சி.யோடு.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. முத்திரை குத்திய தமிழ்ச் சுருக்கத்தைப் படிப்பகத்துப் பலகையில் நான்தான் ஒட்டினேன். இருபத்தாறு தெருவில் மிக நல்ல தண்ணீர் பாவடித் தெருவுக்கு. குழாய்ப் பட்டியலில் கடைசி.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். ராட்டினம் நிற்கவில்லை.

"எந்தக் கெணத்துல புடிச்ச?"

"நல்ல தண்ணிக் கெணத்துலதாங்க்கா. மேஸ்திரி பட்டறைக்குப் பின்னால…"

ராட்டினம் நின்றது.

"அடப்பாவி! அது பட்டுக்கு நல்ல தண்ணிடா. மனுஷனுக்கா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தெருவில் எந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்குமோ, எதில் பட்டு திட்டுத் திட்டாக ஆகாமல் ஒரே சீராகச் சாயம் ஏறுமோ, அதுதான் நல்ல தண்ணி. ஊற்று மெதுவாக ஊறும். ஒரு குடம் வெளியே போனால் ஒரு பாவு நூலுக்குச் சாயம் குறையும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். குடிக்கிற தண்ணீருக்கு அங்கே தனிப் பெயர் இல்லை. தண்ணி, அவ்வளவுதான்.

ராஜவேலு தறியிலிருந்து எட்டிப் பார்த்தார். "காலேஜுல இதுக்கு எத்தினி வருஷம் தம்பி?"

நான் செருப்பைத் தேடி மாட்டினேன்.

மறுநாள் சென்னைக்குப் பஸ் ஏறினேன். குழுவின் தலைவர் சக்கரவர்த்தி சார் நான் சொன்னதைப் பாதியில் நிறுத்தினார். "பாட்டில்ல சீட்டு யார் ஒட்டினது?" "நான்தான் சார்." "அப்புறம் என்ன? ரிப்போர்ட் வெளிநாடு போயாச்சு." காலண்டர் இழைகளைப் பற்றி எடுத்தேன். சிரித்தார். "நூல் எல்லாம் டேட்டா கிடையாது தம்பி. வேணும்னா முப்பது நாளுக்குள்ள ஆட்சேபணை எழுது. கிணறு பொது இல்லைன்னு சொந்தக்காரன் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

நான் ஊர் திரும்புவதற்குள் அபிதாக்கா வேறொரு காரியம் செய்துவிட்டார். படிப்பகத்துப் பலகையிலிருந்து அந்தச் சுருக்கத்தைக் கிழித்துக்கொண்டு, இரண்டு குடத்தோடு நேராக வீரபாகு பட்டறைக்குப் போய் நின்றிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே கூடியிருந்தது.

"மேஸ்திரிணா, இதுல இன்னா போட்டிருக்குது? பாவடித் தெரு பொதுக் குடிநீர்க் கெணறு. முத்திரை இருக்குது பாருங்க. கதவத் தெறங்க."

"ஏம்மா, அறிவு இருக்குதா? நல்ல தண்ணியப் போயி குடிச்சி வீணாக்கறேன்றியே!"

"பட்டுக்கு வாந்தி வருமா, பேதி வருமா? ஒரு நாளைக்கு ரெண்டு கொடம். தெறங்க."

"அந்தப் பையன் தப்பா எழுதிட்டான்னு ஊரே பேசிகினு இருக்குது."

"தப்போ சரியோ, பி.எஸ்சி. எழுதினது. நீங்க எத்தினாவது வரைக்கும்ணா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். முத்திரைக் காகிதத்துக்கு மேஸ்திரி பயந்தார். முனகிக்கொண்டே சாவியை எடுத்தார். அன்றிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் கதவு திறந்தது. கிணற்றில் ஊறுவது பன்னிரண்டு வீட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மற்ற இருபது வீட்டாரும் பள்ளத்துப் பக்கத்துப் பழைய கிணற்றில்தான் இறைத்தார்கள். போகிறபோது வருகிறபோது முறைத்தார்கள்.

வளைகாப்பு முடிந்து தேவகி வந்து சேர்ந்தாள். அவள் குடிக்கிற குடத்தில் அக்கா இழை போட்டுப் பார்த்தார். வெள்ளை. மறுநாளும் வெள்ளை.

நான் ஆட்சேபணையை மூன்று பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனபோது முப்பதில் நான்கு நாள்தான் மீதி. மேஸ்திரியின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். அக்கா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"மேஸ்திரி கையெழுத்து போடுவாரா?"

"சந்தோஷமா போடுவார்க்கா. கெணறு அவரோடதுன்னு ஆயிடுமே."

"அப்ப கதவு?"

தேவகி உள்ளே முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது. தப்பைத் திருத்தினால் பூட்டு திரும்பி வரும். திருத்தாவிட்டால் தெருவுக்குக் குழாய் எந்தக் காலத்திலும் வராது.

"ரெண்டு மாசம் தள்ளிப் போட முடியாதா தம்பி? அவ பெத்து எழுந்துடட்டும்."

"தேதி போயிடும்க்கா."

"இன்னா பேஜாரான சட்டம் இது. தப்பு பண்றதுக்குத் தேதி இல்ல, திருத்தறதுக்குத் தேதியா?"

மனுவை என்னிடமே வைத்திருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை தண்ணீர் வரிசையில் நின்றார். நானும் போயிருந்தேன். எதிர்வீட்டு சாவித்திரி பன்னிரண்டு வீட்டில் சேராதவள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பழைய கிணற்றுக் குடத்தோடு அந்தப் பக்கமாகப் போனாள். குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. அபிதாக்காவைப் பார்த்து, "ஒங்க பொண்ணு நல்லாருக்குதாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றியவர் என்னைக் கூப்பிட்டார். "மேஸ்திரிகிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிடு."

"தேவகி?"

"மாமியார் நாலு வார்த்தை பேசுவா. பேசட்டும். வார்த்தையால பேதியாவாது."

மேஸ்திரி பேனாவை என்னிடமிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்துவிட்டு வருவதற்குள் கிணற்றுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அந்தப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அபிதாக்காவோடு பேச்சை நிறுத்தினார்கள். முன்பு முறைத்த இருபது வீட்டுக்காரர்கள் குழாய் வரட்டும், பேசலாம் என்று இருந்தார்கள். தண்ணி சண்டைக்கார அம்மா என்ற பெயர் அந்த வாரம் வந்ததுதான்.

தேவகியை வந்தவாசி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். சம்பந்தியம்மா வாசலிலேயே கேட்டார்: "இன்னா சம்பந்தி, வளைகாப்பு வளையல்கூட ஒடையல, அதுக்குள்ள திருப்பிகினு வந்துட்டீங்க? சோறு இல்லியா?" அக்கா வாய் திறந்தால் பஜார் அடங்கும். அன்று, "தண்ணி இல்ல சம்பந்தி" என்று மட்டும் சொன்னார். குழந்தை அங்கேயே பிறந்தது. ஆண். ஆறாம் நாள்தான் தகவல் சொன்னார்கள்.

சென்னைக்கு நான் மாதம் ஒரு கடிதம் போட்டேன். இரண்டு முறை நேரில் போனேன். முதல் முறை சார் கூட்டத்தில் இருந்தார். இரண்டாம் முறை அந்த அறையில் வேறு யாரோ இருந்தார்கள். ஆய்வு முடிந்துவிட்டது, கோப்புகளைக் கட்டியாகிவிட்டது என்றார்கள். என் வேலையும் அதோடு முடிந்தது. அப்பா மட்டும் ஊரில், "தண்ணிய சோதிக்கற ஆபீசர்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனு அனுப்பிப் பதினோரு மாதம் கழித்து, பாவடித் தெருப் பொதுமக்கள், மேற்பார்வை அபிதகுசாம்பாள் என்று போட்டு ஓர் அஞ்சலட்டை வந்தது. அக்கா ஆள் விட்டு என்னை வரவழைத்தார். அன்று பேரனும் வந்திருந்தான். வந்தவாசியிலிருந்தே ஒரு கேனில் தண்ணீர் கொண்டு வந்திருந்தார்கள். சாவித்திரியும் இன்னும் நாலைந்து பேரும் வாசலில் வந்து நின்றார்கள்.

ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஒரு முறை படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"இன்னா போட்டிருக்குது? வாய் விட்டுப் படி."

"மனு கெடைச்சுதுன்னு போட்டிருக்காங்க்கா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"கெடைச்சுதுன்னு சொல்றதுக்கா பதினோரு மாசம்?" அட்டையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் ஒன்றும் இல்லை. "சரி, குந்து. நாளைக்கு இன்னொண்ணு எழுதலாம். இந்தத் தடவ நான் சொல்றேன், நீ எழுது. ஒரு வார்த்தைகூட ஒன் ஊர் வார்த்தை வரக்கூடாது."