வார்டுக்கு வந்த முருகர்

மகள் தர்ஷினியின் தொடையில் நீலநீலமாகத் தடம் விழுந்தபோது, பள்ளிக்கூடத்தில் யாரோ கிள்ளிவிட்டதாக நினைத்துச் சண்டைக்குக் கிளம்பினேன். சங்ககிரி மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்). அவளுக்கு ஆறு வயது.

வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் மனைவியால் வர முடியவில்லை. லாரியைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் வார்டில் தங்கினேன். எப்போதும் சாலையிலேயே கிடந்தவன். இனியாவது மகள் என்னிடம் ஒட்டிக்கொள்வாள் என்று உள்ளூர ஆசை. ஆனால் ஊசி போடும்போது அவளை அமுக்கிப் பிடிப்பதுதான் எனக்கு வாய்த்த வேலை. என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் முருகர் வருவார். செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் செல்வம்தான் அவர். ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கையில் (அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடமிட்டு ஊர்வலம் போவது) வருடாவருடம் முருகர் வேடம் கட்டுகிறவர். நோயுற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அதே கிரீடத்தோடு வார்டுக்கும் வந்தார். செவிலியர் சொன்னபடி மயிலிறகை வெளியே வைத்துவிட்டு, கை கழுவி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு நுழைவார். முகக்கவசம் போட்ட முருகரைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் கெஞ்சியும் வாய் திறக்காத தர்ஷினி, அவர் ஒரு வார்த்தை சொன்னால் இட்லியை முழுதாகத் தின்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமில்லை. அமுக்குகிற பாவம் எனக்கு, சிரிப்பு மட்டும் அவருக்கா?

ஒரு வெள்ளியன்று முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தது (நோய் மூளைப் பக்கம் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு).

"ஏனுங்க, உங்ககிட்டத்தான நல்லாச் சிரிக்கறா? இன்னிக்கு நீங்களே புடிச்சுக்குங்க" என்றேன்.

"செரிங்க" என்றார் அந்த மனிதர், என் குத்தல் புரியாமல். மருத்துவரும் சம்மதித்தார்.

கதவுக்கு வெளியே நின்றேன். அவள் அலறுவாள், என்னைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. அவர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

கதவு திறந்தபோது அவள் வாயெல்லாம் ரத்தம். உதட்டைக் கடித்திருந்தாள். தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைப்பவை) குறைவாக இருந்ததால் ரத்தம் சட்டென்று நிற்கவில்லை. மருத்துவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "வலிச்சா அழ வேண்டியதுதானம்மா?" என்று கேட்டார்.

"முருகருகிட்ட அழுவக் கூடாதுங்க" என்றாள். "அப்பா இருந்திருந்தா அழுதிருப்பேன்."

செல்வம் கிரீடத்தைக் கழற்றிவிட்டார். "நான் மளிகைக்கடைக்காரன்தான் கண்ணு" என்றார். அடுத்த வெள்ளியும் வந்து சிரிக்க வைத்தார். ஊசித் தட்டு வந்ததும், "அப்பா, நீங்க வாங்க" என்று என்னை அழைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவள் வார்டே அதிரக் கத்தினாள், என் கையைப் பிறாண்டினாள். நான் விடவில்லை.

நீங்களும் பிள்ளையை இப்படிப் பிடிக்க நேர்ந்து, அது உங்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினால், மனம் விட்டுவிடாதீர்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டது. மறுபடி லாரி ஓட்டுகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை தானாக இறுகுகிறது, தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் லோடு இறக்கும் நாளை வைத்துத்தான் நாட்கள் நகரும். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைதான் எனக்குக் காலம்.

போன வாரம் வாசலில் சைக்கிளோடு விழுந்தாள். கையை விரித்துக்கொண்டு ஓடினேன்.

"ஒன்னுமில்லீங்கப்பா" என்று மண்ணைத் தட்டிவிட்டு, ஏறி மிதித்துப் போய்விட்டாள். சந்தோஷம்தான். விரித்த கைகளோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.