டாக்டர் பரமேஸ்வரியின் கழுத்து அட்டை

வண்டியைத் துடைத்து முடிக்கவில்லை, போன் வந்தது. கிளினிக் தாதி புஷ்பா. "அண்ணே, இன்னைக்கு வண்டிய எடுக்க வேணாம்" என்றாள். ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். டாக்டர் பரமேஸ்வரி போய்விட்டார்.

கோலாலம்பூர் பக்கம் கிள்ளானில் முப்பத்தொரு வருடம் கிளினிக் நடத்தியவர். நான் அவருடைய டிரைவர். கூட்டம் சேர்ந்தால் நோயாளிகளைக் கட்டிலில் ஏற்றி இறக்குவதும் நான்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் புஷ்பா எழுதுகிறாள். டாக்டரின் கைராசியைப் பற்றி நாலு பேர் எழுதுவார்கள். நான் சொல்லப்போவது வேறு. அவரே அதை மறைத்ததில்லை.

டாக்டர்கள் வருடா வருடம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பாயிண்ட் சேர்க்க வேண்டும். கோலாலம்பூரில் பெரிய ஹோட்டலில், வெளிநாட்டு டாக்டர்களெல்லாம் வரும் மாநாடு நடக்கும். கழுத்தில் ஓர் அட்டை தருவார்கள். மண்டப வாசலில் ஒரு பெண் அதன்மேல் மெஷினைக் காட்டுவாள், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. பாயிண்ட் ஏறிவிடும். மருந்து கம்பெனிக்காரர்கள் பத்துப் பதினைந்து அட்டைகளைக் கையில் கோத்துக்கொண்டு அலைவார்கள். அட்டைக்குச் சொந்தக்காரர்கள் கடைத்தெருவில் இருப்பார்கள்.

ஒரு வருடம் டாக்டரும் போனார். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் தையல்காரி மத்தியானம்தான் இருப்பாள். "அண்ணே, ஒரு மணி நேரத்துல வந்துர்றேன். நீங்க ஏர்கோன்ல குளுகுளுன்னு உக்காருங்க" என்று சிரித்துக்கொண்டே அட்டையை என்னிடம் கொடுத்தார். வாசல் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைத்தான் பார்த்தாள்.

உள்ளே பேசியதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் திரையில் ஒரு படம் வந்தது. யாரோ ஒருவரின் அக்குள். அதில் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பேசியவர் மூன்று தடவை அதன்மேல் விரலை வைத்தார். எனக்குக் கண்ணில் பட்டது மனசை விட்டுப் போகாது.

இரண்டு வாரம் கழித்துச் செம்பனைத் தோட்டத்தில் புல் வெட்டும் சரவணன் காய்ச்சலோடு வந்தான். அன்று கிளினிக்கில் நிற்க இடமில்லை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து மருந்து எழுதினார். கட்டிலிலிருந்து இறக்கிச் சட்டை மாட்டிவிடும்போது நான் பார்த்தேன். அதே பொருக்கு.

"என்னடா இது?"

"ரோக்கோ சுட்டிருக்கும் அண்ணே." சிகரெட்டைச் சொன்னான்.

"அக்குள்லயாடா ரோக்கோ புடிக்கிற?"

இரண்டு பேரும் சிரித்தோம். டிரைவர் போய் டாக்டரிடம் சொல்வதா என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆறாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அவன் இறந்தான். அங்கிருந்து டாக்டருக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "காட்டுப் பூச்சி கடிச்ச காய்ச்சலாம் அண்ணே. கடிச்ச இடம் அக்குள்ல கறுப்பா இருந்துச்சாம். நான் கையத் தூக்கிப் பாக்கல."

"நான் பாத்தேன் டாக்டர்" என்றேன். மண்டபத்தில் வந்த படத்தையும் சொன்னேன்.

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "படம் உங்களுக்கு, பாயிண்ட் எனக்கு" என்றார். பிறகு, "வண்டிய எடுங்க."

சரவணன் வீட்டில் சாவுக்குப் போட்ட கூடாரத்தை இன்னும் பிரிக்கவில்லை. அவன் மனைவி கமலாவிடம், காய்ச்சலைத் தான் சரியாகப் பார்க்கவில்லை என்றும், அதைச் சொல்லிக் கொடுத்த கூட்டத்தில் தான் இல்லை என்றும் டாக்டர் சொன்னார்.

"எங்க போயிருந்தீங்க டாக்டர்?"

"ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போயிருந்தேன்மா."

கமலா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு பிறகு திறக்கவே இல்லை. கல்யாணத்துக்கு டாக்டர் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எந்த மாநாட்டிலும் அவர் அட்டையைக் கழற்றி நான் பார்த்ததில்லை. ஒருமுறை மருந்து கம்பெனிக்காரர் ஒருவர், "டாக்டர், டேக்க குடுங்க லா, நான் பாத்துக்கறேன். நீங்க ஷாப்பிங் போங்க" என்றார். "எனக்காக நீங்க கேட்டுட்டு வந்து சொல்வீங்களா தம்பி?" என்று கேட்டார் டாக்டர். அவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. காய்ச்சல் என்று யார் வந்தாலும், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும், சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கிப் பார்க்காமல் விட்டதில்லை. மாநாட்டிலிருந்து கிள்ளான் வரும் வழியெல்லாம், அன்று திரையில் பார்த்ததை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். "நீங்களும் தெரிஞ்சி வைங்க. பாத்தா உடனே சொல்லுங்க. கூட்டம் கீட்டம்னு பாக்காதீங்க."

டாக்டருக்குப் புற்றுநோய். இந்த வருடம் அது எலும்புக்குப் போய்விட்டது. அடுத்த உரிமத்துக்கு அவர் இருக்கமாட்டார் என்று அவருக்கே தெரியும். அப்போதும் மாநாட்டுக்குக் கிளம்பினார்.

"இனிமே பாயிண்ட் எதுக்கு டாக்டர்?"

"நாளைக்கு ஒருத்தன் காய்ச்சலோட வந்தா?"

சக்கர நாற்காலியில் மண்டபத்துக்குள் தள்ளிக்கொண்டு போனேன். கடைசிப் பேச்சு முடியும்வரை இருந்தார். திரும்பி வரும்போது வண்டியில் பேசவில்லை. ஷா ஆலாம் தாண்டியதும், "இன்னைக்கு ஒண்ணும் மனசுல நிக்கல அண்ணே" என்றார். எனக்குத் தெரிந்து அவர் அழுதது அன்றுதான்.

மரண வீட்டு வாசலில், வந்தவர்கள் பெயர் எழுத ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். சரவணன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவர்கள் வரவேண்டும் என்று நினைக்க எனக்கு உரிமையில்லை. புஷ்பா பேனாவை எடுத்து, "அண்ணே, உங்க பேர நானே எழுதிர்றேன்" என்றாள்.

வேண்டாம் என்றேன். கிளினிக்கிலிருந்து மைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். கட்டைவிரலை அழுத்தி வைத்தேன். தாளில் கறுப்பாக, சின்னதாக ஒரு வட்டம் விழுந்தது. சரவணனின் அக்குளில் பார்த்தது மாதிரியே இருந்தது.

வந்தது நான்தான், டாக்டர். வெறும் அட்டை வரவில்லை. நிம்மதியாகப் போங்கள்.